பெப்சி பாசி: காற்றில் போன சாறு காசான கதை

அவனியாபுரம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான். அதற்கு அடுத்தபடியாக மதுரை விமான நிலையத்துக்குப் போகிற ரோடு. ஆனால் வாடிவாசலுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே இன்னொரு அவனியாபுரம் உண்டு. கண்மாய், நெல் வயல், தோட்டம் என்று இருந்த பழைய கிராமம் அது. 2011ல் ஊர் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பிறகு வயல்கள் பிளாட்டுகளாக மாறுவது வேகமாகிவிட்டது. ஆனாலும் மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், திருப்பரங்குன்றம் பக்கம் நெல்லும் மல்லிகையும் இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை.

இந்தச் சமவெளியின் உரக்கடைகளில் யூரியா மூட்டைக்கும் டிஏபி மூட்டைக்கும் மேலே உள்ள அலமாரியில் பழுப்பு நிறத் திரவம் அடைத்த பாட்டில்களைப் பார்க்கலாம். மூடியைத் திறந்தால் கடற்கரை வாடை அடிக்கும். ஒரு டேங்க் தண்ணீருக்கு இவ்வளவு மில்லி என்று கலந்து இலை மேல் தெளிக்க வேண்டும். கடைக்காரர் சிலர் இதை 'டானிக்' என்பார்கள், சிலர் 'குரோத்' என்பார்கள். சட்டத்தில் இதற்குப் பெயர் உயிர் ஊக்கி. ஆங்கிலத்தில் பயோஸ்டிமுலன்ட். இப்கோ விற்கும் 'சாகரிகா' இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்.

அந்த பாட்டிலுக்குள் இருப்பது கடல்பாசியின் சாறு. அது பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டைப் பிடித்தாலே போதும். அந்த ஒரே ரோட்டில் இந்தக் கதையின் முக்கால்வாசி நடந்து முடிந்துவிட்டது.

முதலில் இது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். இதில் குழப்பம் அதிகம். உரம் என்பது பயிருக்குச் சாப்பாடு. பூச்சிமருந்து என்பது வைத்தியம். உயிர் ஊக்கி இரண்டும் இல்லை. சாப்பிடுவதற்கு முன்னால் பாட்டி கொடுக்கும் இஞ்சிச் சாறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சிச் சாறு வயிற்றை நிரப்பாது, பசியைத் தூண்டும். பாசிச் சாற்றில் ஆக்சின், சைட்டோகைனின், கிபெரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. ஆக்சின் வேரைக் கிளைக்க வைக்கும். சைட்டோகைனின் இலை சீக்கிரம் பழுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும். பீட்டைன் என்ற இன்னொரு பொருள் வறட்சியிலும் உப்புத் தண்ணீரிலும் செடியின் செல்கள் சுருங்காமல் தாங்கிப் பிடிக்கும். வேர் பரவினால் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்தை எடுத்துக்கொள்ளும் அளவும் கூடும். மண்ணில் ஒன்றுமே இல்லை என்றால்? இஞ்சிச் சாறு குடித்துவிட்டு வெறும் இலை முன்னால் உட்கார்ந்த கதைதான்!

கடல்பாசியை நிலத்துக்குக் கொண்டுவருவது ஒன்றும் புதிய யோசனை இல்லை. கரை ஒதுங்கிய பாசியை வாரிப் போய்த் தென்னை மரத்தடியில் போடுவது தென்னிந்தியக் கடற்கரைகளில் ரொம்ப காலமாக இருக்கும் பழக்கம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பாறை நிலத்தில் பாசியைப் பரப்பி, மண்ணே உண்டாக்கி உருளைக்கிழங்கு போட்டார்கள். மதுரைப் பக்கத்தில் கடல் இல்லை. அதனால் கொழிஞ்சி, எருக்கு, ஆவாரை, வேப்பந்தழை, புங்கந்தழை என்று கையில் கிடைத்ததை நெல் வயலில் மிதித்துவிட்டார்கள். ஆனால் இதெல்லாம் தழை உரம், மட்க வேண்டிய சமாச்சாரம், வண்டி கணக்கில் வேண்டும். மில்லி கணக்கில் அளந்து இலை மேல் தெளிக்கும் யோசனை வேறு இடத்தில், வேறு காரணத்துக்காகப் பிறந்தது.

அந்தக் காரணம் சணல்! இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு வங்காளச் சணல் வருவது சிக்கலானது. சாக்குப் பைக்கும் கயிறுக்கும் மாற்று தேட வேண்டிய நிலை. ரெஜினால்ட் மில்டன் என்ற உயிர்வேதியியலாளர் கடல்பாசியிலிருந்து நார் எடுக்கலாமா என்று முயன்று பார்த்தார். நார் வந்தது, ஆனால் லேசான காரம் பட்டாலே கரைந்துபோனது. சோப்புப் போட்டால் கரைகிற சாக்கை யார் வாங்குவார்கள்? திட்டம் ஊத்திக்கொண்டது. ஆனால் கரைந்துபோன அந்தத் திரவத்தைச் செடிக்கு ஊற்றினால் என்ன என்று தோன்றியது. பாசியைக் காரத்தோடு சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்துத் திரவமாக்கும் முறையை மில்டன் உருவாக்கினார். டபிள்யூ. ஏ. ஸ்டீபன்சன் அதை வியாபாரமாக்கினார். 1940களின் கடைசியில் 'மாக்ஸிகிராப்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பாட்டிலில் அடைத்த கடல்பாசி என்ற தொழிலே இப்படி, உருப்படாமல் போன ஒரு நாரின் மிச்சத்திலிருந்து தொடங்கியது.

அதே போர் இந்தியக் கடற்கரையிலும் ஒரு வேலை செய்தது. அதைச் சொல்ல மதுரைக்காரர்களின் ஜிகர்தண்டாவிலிருந்து தொடங்குவதுதான் சரி. அதில் வழுக்கிக்கொண்டு போகும் கடல்பாசி இருக்கிறதே (பல கடைகளில் இப்போது அதன் இடத்தில் பாதாம் பிசின்), அதன் தொழில் பெயர் அகர் அகர். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைத்துத் துண்டு போடுவதும் இதைத்தான். இந்தச் சமையல் சாமான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு சமையலறை வழியாகத்தான். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் கூடத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் சரிப்படாமல் தவித்தபோது, அங்கே வேலை பார்த்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து உலகம் முழுக்க மருத்துவ ஆய்வுக்கு அகர் இல்லாமல் முடியாது. அதை விற்றது பெரும்பாலும் ஜப்பான். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் சப்ளை நின்றது. ஒவ்வொரு நாடும் தன் கடற்கரையைத் திரும்பிப் பார்த்தது, இந்தியா உட்பட.

இந்தியாவில் அப்படித் திரும்பிப் பார்க்கத் தகுந்த முதல் இடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 சின்னத் தீவுகள், ஆழமில்லாத தெளிந்த தண்ணீர், பவளப்பாறை. சுதந்திரத்துக்குப் பிறகு மண்டபம் கடல் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற இடமானது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971ல் கொச்சிக்கு மாறும் வரை மண்டபத்தில்தான் தலைமையகம் வைத்திருந்தது. பிரான்சிஸ்கா தீவி என்ற பெண் விஞ்ஞானி இந்தியக் கடல்பாசிகளில் எது எதற்குப் பயன்படும் என்று 1950களிலேயே ஆராய்ந்து எழுதினார். தாவரவியல் மாணவர்கள் தவிர வேறு யாருக்கும் இன்று அவர் பெயர் தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

1966லிருந்து இந்தப் பகுதியில் பாசி எடுப்பது வியாபாரமாக நடக்கத் தொடங்கியது. அகர் ஆலைகள் பல மதுரையைச் சுற்றியே முளைத்தன. கடற்கரைப் பெண்கள் பாசிக்கு வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை. அகர் எடுக்கும் ஜெலிடியெல்லாவுக்கு மரிக்கொழுந்து. கிராசிலேரியாவுக்குக் கஞ்சிப்பாசி. ஆல்ஜினேட் எடுக்கும் சர்காசத்துக்குக் கட்டக்கோரை. டர்பினேரியாவுக்குப் பக்கோடா பாசி! வாசமே இல்லாத ஒரு கடல் செடிக்கு மரிக்கொழுந்து என்று பேர் வைத்தவரின் ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெயர் அழகு, வேலை அப்படி இல்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிப்பது இந்தப் பெண்களின் வேலை. 1986ல் தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தலைமுறையாக முங்கி வந்த இடம் திடீரென்று தடைசெய்யப்பட்ட இடமானது. வனத்துறை ஒரு பக்கம், வயிற்றுப்பாடு ஒரு பக்கம். அந்தப் பெண்கள் பறிப்பதற்கு மாதத்தில் இத்தனை நாள்தான் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் நடந்தது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

மரிக்கொழுந்து மதுரை ஆலைக்கு வந்ததும் கொதிக்க வைத்து, வடித்து, உறைய வைத்து, மறுபடி உருக விடுவார்கள். கட்டியில் நிற்பது அகர். உருகி ஓடும் தண்ணீரோடு பாசியில் கரையக் கூடியது எல்லாம் ஓடிவிடும். அதற்கு முன்பே கடற்கரை மணலில் காயப் போட்டபோது பாசியின் சொந்தச் சாறு வெயிலில் போய்விட்டது. வியாபாரம் முழுக்கக் கட்டியாகும் பொருளை நம்பி நடந்தது. திரவத்தை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு வெளிநாட்டுப் பாசி வருகிறது. காப்பாஃபைகஸ் அல்வரெசி என்பது அதன் வாய்க்குள் நுழையாத பெயர். பூர்வீகம் பிலிப்பைன்ஸ். இதிலிருந்து காராஜீனன் என்ற பிசின் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்கவும், டூத்பேஸ்ட் பிதுக்கினால் ஒழுகாமல் நிற்கவும் அது வேண்டும். பாவ்நகரில் 1954ல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1984ல் ஜப்பானிலிருந்து இதை வாங்கி வந்து முதலில் குஜராத்தின் ஓகா கடலில் பழக்கியது. 1990களின் நடுவில் அது மண்டபத்துக்கு வந்தது. மண்டபத்துக் கடலும் அதற்கு ஒத்துப்போனது.

2000ஆம் ஆண்டை ஒட்டி இதை வியாபார அளவில் வளர்க்க வந்தது யார் தெரியுமா? பெப்சி. பஞ்சாபில் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்த அதே பெப்சிகோ இந்தியா, அந்த முறையைக் கடலுக்குள் கொண்டுவந்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வளர்க்கும், கம்பெனி வாங்கிக்கொள்ளும். ராமநாதபுரம் கடற்கரையில் அந்தப் பாசிக்கு அன்று விழுந்த பெயர் 'பெப்சி பாசி'. கம்பெனி போய்ப் பல வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை.

வளர்க்கும் முறையில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சுமார் 10 அடிக்கு 10 அடி மூங்கில் மிதவை. குறுக்கே 20 கயிறு. கயிறு நெடுக விதைப்பாசித் துண்டுகளைக் கட்ட வேண்டும். மீன் வந்து மேயாமல் இருக்க அடியில் வலை. ஒரு மிதவைக்கு 60 கிலோ அளவுக்கு விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அது சுமார் நாலு மடங்காகும். ஒருவருக்கு 45 மிதவை. தினம் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போனால் 46ஆம் நாள் முதல் மிதவை அறுவடைக்குத் தயார், அதிலிருந்தே மறுபடி விதை. அதன் பிறகு தினமும் ஒரு அறுவடை, தினமும் ஒரு நடவு. கிட்டத்தட்டச் சம்பளம் மாதிரி. தீவுக்குப் படகில் போய் மூச்சைப் பிடித்து முங்கியவர்களுக்கு, கரையை ஒட்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செய்யும் இந்த வேலை பெரிய மாற்றம்.

பெப்சிகோ இந்தப் பாசியைக் காய வைத்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ததில் இன்னொரு சம்பவமும் நடந்தது. 2002ன் உயிரியல் பன்மயச் சட்டப்படி, இந்தியாவின் உயிர் வளத்தை எடுத்துப் போகும் வெளிநாட்டுக் கம்பெனி லாபத்தில் பங்கு தர வேண்டும். ஏற்றுமதி மதிப்பில் 5 சதவீதம் என்ற கணக்கில் 37 லட்சம் ரூபாயை ஒட்டிய தொகையை பெப்சிகோ தேசிய உயிரியல் பன்மய ஆணையத்திடம் கட்டியது. அந்தப் பணம் பாசி வளர்த்த குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் இந்தச் சட்டப்படி முதலில் பேசப்பட்ட பெரிய பங்கு இதுதான். பிலிப்பைன்ஸில் பிறந்து ஜப்பான் வழியாக வந்த பாசிக்கு, இந்திய உயிர் வளம் என்ற பேரில் பங்கு வந்ததை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் சரியான இடம்தான்.

சாறு கணக்கில் ஏறியதும் இதே காலத்தில்தான். பச்சைப் பாசியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிலோ பச்சைப் பாசியை மணலில் பரப்பினால் 10 கிலோவை ஒட்டித்தான் சருகு மிஞ்சும். மிச்ச 90 கிலோ காற்றோடு போகும். அந்த 90 கிலோ வெறும் தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கருப்பணன் ஈஸ்வரன், புஷ்பிதோ குமார் கோஷ், சித்தாந்தா, செல்லையா பெரியசாமி உள்ளிட்ட குழு அதை மாற்றிப் போட்டது. காய வைக்கும் முன்பே பச்சைப் பாசியை அரைத்துப் பிழி, சாற்றைத் தனியாக எடு, சக்கையைக் காய வைத்து அதிலிருந்து காராஜீனன் எடு. இவ்வளவுதான் யோசனை. கரும்பு ஜூஸ் கடையில் தினம் நடக்கிற வேலை! ஆனால் இதற்கு முன் யாரும் இந்தப் பாசியில் இரண்டையும் சேர்த்துச் செய்யவில்லை. 2005 மே மாதம் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பி.காம்.காரர்களுக்கு இங்கே காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் வரும் ஜாயின்ட் ப்ராடக்ட் கண்டிப்பாக ஞாபகம் வரும். ஒரே மூலப்பொருள், ஒரே செலவு, பிரியும் இடத்தில் இரண்டு பொருள். அதுவரை மிதவை, கயிறு, கூலி எல்லாவற்றையும் காராஜீனன் ஒன்றே சுமந்தது. இந்தோனேஷியாவும் பிலிப்பைன்ஸும் மலை மலையாக உற்பத்தி செய்யும் பொருளில் மண்டபத்துப் பாசி விலையில் போட்டி போடுவது கஷ்டம். சாறும் விற்றால் அந்தச் சுமை பாதியாகப் பிரிகிறது. இன்னொன்றும் உண்டு. சருகைக் கப்பலில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். பச்சைப் பாசி அப்படி இல்லை, நாறிவிடும். சாறு வேண்டுமென்றால் கரைக்குப் பக்கத்திலேயே பிழிய வேண்டும். அதாவது தொழிற்சாலை இந்த ரோட்டிலேயே வர வேண்டும். வந்தது. 2008ல் பெப்சியின் பாசித் தொழிலை அதன் முன்னாள் அதிகாரி அபிராம் சேத் தொடங்கிய அக்வாஅக்ரி எடுத்துக்கொண்டது. மானாமதுரை சிப்காட்டில் ஆலை. பின்னர் விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமான இப்கோ அதில் பாதிப் பங்கை வாங்க, சாகரிகா பிறந்தது. மண்பானைக்கும் கடத்துக்கும் பேர் போன மானாமதுரை பாசிச் சாற்றுக்கும் ஊரானது.

சாறு வேலை செய்கிறதா? இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2009ல் வெளிவந்த சோயா மொச்சை ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. மானாவாரியில், சாற்றை 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை பல அளவில் கலந்து இலையில் தெளித்தார்கள். 15 சதவீதம் தெளித்த பாத்தியில் வெறும் தண்ணீர் தெளித்ததைவிட மகசூல் 57 சதவீதம் அதிகம். தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகளைச் செடி எடுத்துக்கொண்ட அளவும் கூடியது. 2010ல் அதே நிறுவனத்தார் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வைத்துச் சாற்றில் ஆக்சின், கிபெரலின், கைனடின், சியாட்டின் இருப்பதை அளந்து காட்டினார்கள். ஆக, இது வெறும் நம்பிக்கை இல்லை.

ஆனால் 57 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அவனியாபுரத்து நெல் வயலிலும் அதையே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அது மழையை நம்பிய சோயா. பயிர் கஷ்டப்படும் இடத்தில்தான் ஊக்கி நன்றாகத் தெரியும். தண்ணீரும் உரமும் தாராளமாக இருக்கும் வயலில் வித்தியாசம் சின்னதாகிவிடும். அளவு கூடினால் நல்லது என்பதும் இல்லை. ஹார்மோன் என்பது உப்பு மாதிரி, கை தவறினால் கெடுதல். இப்படிப்பட்ட ஆய்வுகள் சிபாரிசு செய்த உரத்தோடு சேர்த்துத்தான் சாற்றைச் சோதிக்கின்றன, உரத்துக்குப் பதிலாக அல்ல. பாட்டில் விளம்பரத்தில் காணாமல் போவது இந்த ஒரு வரிதான்.

கடலுக்குள்ளும் ஒரு பிரச்சினை வளர்ந்துகொண்டிருந்தது. வேகமாக வளரும் அந்நியச் செடி என்றால் சீமைக் கருவேலத்தைக் கண்ட ராமநாதபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2005ல் தமிழக அரசு இந்தப் பாசியைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் வளர்க்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தது. பவளத்தீவுகள் இருக்கும் மன்னார் வளைகுடாவைக் காப்பாற்றத்தான் அது. ஆனால் 2008ல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, குருசடைத் தீவில் பாசி பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்து மூச்சு முட்ட வைப்பதைச் சொன்னது. அடியில் வெளிச்சம் படாத பவளம் செத்துப்போகும். உப்பு ஆராய்ச்சி நிறுவனத் தரப்பு, பரவல் சிறிய இடத்தில்தான், இது வித்து மூலம் இங்கே பெருகுவதில்லை என்று பதில் சொன்னது. பெருகுவதற்கு வித்து தேவையில்லை, உடைந்த ஒரு துண்டே போதும் என்பதுதான் அதற்கு எதிர்வாதம். மிதவையில் துண்டு கட்டித்தானே வளர்க்கிறார்கள்! அடுத்து வந்த ஆண்டுகளில் சிங்கிள் தீவிலும் பாசி தென்பட்டது. ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுக்கும் வேலை நடந்தது. எடுத்த இடத்திலேயே மறுபடி முளைத்தது.

மதுரையிலேயே எழுதப்பட்ட இந்த எச்சரிக்கையை வளர்ச்சிக்கு விரோதம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பவளம் போனால் மீன் போகும், மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் போகும். இரண்டையும் நம்பி இருப்பது அதே கடற்கரைக் குடும்பங்கள்.

பாசி படர்ந்ததற்கு நேர்மாறான அடியும் வந்தது. 2012-13 வரை ஏறிக்கொண்டே போன விளைச்சல், 2013ல் கடல் சூடானபோது சரிந்தது. மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து, அழுகி, உதிர்ந்தது. எல்லா மிதவையிலும் இருந்தது 1984ல் வந்த அதே ஒரு செடியின் துண்டுகள்தான். ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகவில்லை. தினம் ஒரு மிதவை என்று ஓடிய கணக்கு நின்றது. விதைப்பாசியே இல்லாமல் பலர் தொழிலை விட்டார்கள். மறுபடி எழுந்து நிற்கச் சில வருஷங்கள் பிடித்தன, பழைய உயரம் சுலபத்தில் திரும்பவில்லை.

கரையில் இப்படி என்றால் கடையில் நிலைமை வேறு மாதிரி. பாசிச் சாறு உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை என்று மேலே பார்த்தோம். சட்டத்துக்கும் அதே குழப்பம். 1985ன் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இதற்கு இடமில்லை. 1968ன் பூச்சிக்கொல்லிச் சட்டத்திலும் இல்லை. இரண்டு சட்டத்துக்கும் நடுவே இருந்த சந்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்றானது. நல்ல பாசிச் சாறும் கலர் தண்ணீரும் ஒரே அலமாரியில் நின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் உயிர் ஊக்கிக்கு ஒரு விளக்கம் எழுதியது. இந்தியா 2021 பிப்ரவரி 23 அன்று உர ஆணையைத் திருத்தி, தாவரச் சாறு, கடல்பாசிச் சாறு உட்பட உயிர் ஊக்கிகளை உள்ளே கொண்டுவந்தது. இனி சோதனை முடிவு காட்டிப் பதிவு பெற வேண்டும். அதுவரைக்கும் தற்காலிகச் சான்று. அந்தத் தற்காலிகம் பலமுறை நீட்டிக்கப்பட்டு 2025 ஜூன் 16 அன்று முடிந்தது.

அடுத்த மாதமே, 2025 ஜூலையில், மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் சொன்ன எண்ணிக்கை தலை சுற்ற வைப்பது. வருஷக்கணக்கில் சுமார் 30,000 உயிர் ஊக்கிப் பொருட்கள் கட்டுப்பாடே இல்லாமல் விற்கப்பட்டன. கடைசி நாலு வருஷத்தில் அது சுமார் 8,000. கெடுபிடிக்குப் பிறகு மிஞ்சியது 650 போல. மானிய விலை யூரியாவும் டிஏபியும் வேண்டுமென்றால் இந்த பாட்டிலையும் சேர்த்து வாங்கு என்று விவசாயியைக் கட்டாயப்படுத்துவதை நிறுத்தச் சொல்லி முதலமைச்சர்களுக்கும் அவர் கடிதம் எழுதினார். உரத்தட்டுப்பாடு வரும் சீசனில் எந்த ஊர் விவசாயியைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார். பாசிக்குக் கெட்ட பேர் வந்தது அதன் சாற்றால் அல்ல, இந்த விற்பனை முறையால்தான். பிடிக்காததைத் தலையில் கட்டினால் நல்ல மருந்தும் குப்பைக்குத்தான் போகும்.

கடற்கரைப் பக்கம் இப்போது பணம் இறங்குகிறது. 2020ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் கடல்பாசிக்கு மட்டும் 640 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடல்பாசிப் பூங்கா ஒன்றுக்கு 2023ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நாற்பது வருஷமாக ஒரே துண்டிலிருந்து வெட்டி வெட்டி நட்ட விதை களைத்துப்போனதால், வெளிநாட்டிலிருந்து புதிய உயிர்ப்பாசி கொண்டுவருவதற்கான விதிமுறைகளை 2024ல் மத்திய மீன்வளத்துறை வெளியிட்டது. வந்திறங்கும் பாசியைத் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கடலில் விட வேண்டும் என்கிறது அது. குருசடையில் பட்ட அனுபவம் வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மானாமதுரையில் பாசியை அரைக்க இயந்திரம் வந்துவிட்டது. அங்கே பாட்டிலில் அடைத்தது லாரி ஏறி அவனியாபுரம் தாண்டி எல்லா மாநிலத்துக்கும் போகிறது. கயிற்றில் விதைப்பாசி முடிச்சுப் போடும் வேலை மட்டும் இன்றும் கையால்தான் நடக்கிறது. ஒரு மிதவைக்கு 20 கயிறு, ஒருவருக்கு 45 மிதவை.